தூய பேட்ரிக்கும் அவருடைய இரு மடல்களும்

அயர்லாந்தின் அப்போஸ்தலர் எனத் திருச்சபை வரலாற்றில் வழங்கப்பெறும் தூய பேட்ரிக்கைக் குறித்து நம்மிடையே உலவும் செய்திகளில் பெரும்பகுதி, அவர் மறைந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழிந்தபின் எழுந்தவை. அவர் தம் கையால் எழுதியவையோ இரண்டே. சிறிய நூல்களாயினும் நமக்குத் தப்பாமல் கிடைத்துள்ளன. ஆயினும் அவரைப் பற்றிய கதைகளை அறிந்தோர் பலர். அவர் எழுதியதைப் படித்தோர் சிலரே. நற்செய்திப் பணியாளர் ஒருவர் தம் பணியைக் குறித்துத் தாமே என்ன சொல்கிறார் என்பதைக் கேட்க வாய்ப்பிருக்கும்போது, பிறர் புனைந்ததைக் கேட்டு அமைவது இறையியல் பயில்வோர்க்கு அழகன்று. எனவே இக்கட்டுரையில் அவ்விரு நூல்களையே முதன்மையாகக் கொண்டு அவருடைய வாழ்வையும் அவர் விட்டுச்சென்றதையும் ஆராய முற்படுகிறோம்.

முதலில் கதைகளைச் சுருக்கமாகப் பார்த்து ஒதுக்கிவிடுவோம். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முயிர்கு, திரெகான் என்னும் இருவர் பேட்ரிக்கின் வரலாற்றை எழுதினர. ஸ்லேன் குன்றில் உயிர்த்தெழுதல் பண்டிகைத் தீயை மூட்டி, தாராவில் வீற்றிருந்த லோயகரே அரசனையும் அவனுடைய மந்திரவாதிகளையும் அவர் வென்ற நிகழ்ச்சி முயிர்குவின் நூலில் உள்ளது. அது பெரும்பாலும் தானியேலின் புத்தகத்தையும் எலியாவின் வரலாற்றையும் பார்த்து வரையப்பட்ட சித்திரம். அவர் அயர்லாந்திலிருந்து பாம்புகளை விரட்டினார் என்பர். அத்தீவில் பாம்புகள் இல்லை என்பதைப் பேட்ரிக் பிறப்பதற்கு முன்னரே, மூன்றாம் நூற்றாண்டில், சொலினுஸ் என்னும் உரோம எழுத்தாளர் குறித்துவைத்துள்ளார். மூவிலைச் செடியைக் காட்டித் திரித்துவத்தை விளக்கினார் என்னும் செய்தி 18ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்ட எந்த எழுத்திலும் காணப்படவில்லை. திரித்துவ ஞாயிறன்று இவ்வுவமையைப் பயன்படுத்தும் போதகர்கள் அதனைத் தங்கள் சொந்த உவமையாகக் கூறுவதில் தடையில்லை. பேட்ரிக்கின் பெயரை அதன்மேல் ஏற்ற வேண்டுவதில்லை. 'பேட்ரிக்கின் மார்க்கவசம்' என்று புகழ்பெற்ற மன்றாட்டுப் பாடலும், அதன் மொழிநடையை நோக்குமிடத்து, அவர் காலத்திற்குப் பிற்பட்டதே.

எஞ்சுபவை இரண்டு. ஒன்று 'அறிக்கை' எனப்படும் நூல். இக்காலப் பதிப்புகளில் 62 சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. மற்றது 'கொரோத்திக்கசின் போர்வீரருக்கு நிருபம்'. 21 பகுதிகள் உடையது. இரண்டும் இலத்தீனில் எழுதப்பட்டவை. அயர்லாந்தில் எழுதப்பெற்று இன்று நமக்குக் கிடைக்கும் நூல்களுள் இவையே மிகப் பழையவை. தமிழில் 'அறிக்கை' என்னும் சொல் பாவ அறிக்கையையும் விசுவாச அறிக்கையையும் ஒருங்கே சுட்டுவது இந்நூலின் தலைப்புக்கு நன்கு பொருந்துகிறது. இலத்தீனில் இவ்விரண்டோடு மூன்றாவதாகத் துதி என்னும் பொருளும் உண்டு. சங்கீதங்களில் கர்த்தரைத் துதிக்கும்படி நாம் அழைக்கப்படும் இடங்களில் இலத்தீன் வேதாகமம் இதே வினைச்சொல்லைத்தான் ஆள்கிறது. பேட்ரிக்கின் நூலில் இம்மூன்றும் பின்னிக்கிடக்கின்றன.

காலமும் குடும்பமும்

பேட்ரிக் வாழ்ந்தது ஐந்தாம் நூற்றாண்டில். திட்டமான ஆண்டுகளை அவர் எங்கும் தரவில்லை. அயர்லாந்தின் பிற்கால ஆண்டுக்குறிப்புகள் அவர் வந்த ஆண்டை 432 என்றும், இறந்த ஆண்டை 461 என்றும் 493 என்றும் இருவேறாகக் கூறுகின்றன. அக்கால எழுத்தாளரான பிராஸ்பர், 431ஆம் ஆண்டில் உரோம அத்தியட்சர் செலஸ்தீன், கிறிஸ்துவை விசுவாசிக்கும் ஐரிஷ் மக்களுக்கு முதல் அத்தியட்சராகப் பல்லாடியுஸ் என்பவரை அனுப்பினார் எனக் குறிக்கிறார். ஆகவே பேட்ரிக்குக்கு முன்னரே அத்தீவில் விசுவாசிகள் சிலர் இருந்தனர் என்பது தெளிவு. அவர்தான் அங்கு முதன்முதல் கிறிஸ்துவை அறிவித்தவர் என்று நாம் கூறலாகாது. எவரும் சென்றிராத தொலைப்பகுதிகளுக்குத் தாம் சென்றதாக அவர் கூறுவது போதும்.

410ஆம் ஆண்டையொட்டி பிரித்தானியத் தீவில் உரோம ஆட்சி முடிவுக்கு வந்தது. படைகள் நீங்கிய கடற்கரைகளில் ஐரிஷ் கொள்ளையர் இறங்கி, மக்களைப் பிடித்துச்சென்று அடிமைகளாக விற்றனர். பேட்ரிக்கின் தந்தை கல்போர்னியுஸ் ஓர் உதவிக்குரு. பாட்டனார் பொத்தித்துஸ் ஒரு குரு. திருப்பணியாளர் மணமுடித்து வாழ்ந்த காலம் அது என்பதை இதனால் அறிகிறோம். தந்தை நகரமன்ற உறுப்பினராகவும் இருந்தார். வரி தண்டும் பெருஞ்சுமையை ஏற்றிருந்த அவ்வகுப்பார் அதினின்று தப்பும்பொருட்டே குருப்பட்டத்தை நாடினர் என்று வரலாற்றாசிரியர் சிலர் ஐயுறுவதுண்டு. அது எவ்வாறாயினும், திருப்பணியாளர் குடும்பத்தில் மூன்றாம் தலைமுறையாகப் பிறந்த அச்சிறுவன் தான் உண்மையான தேவனை அறியாதிருந்தான் என்றே பிற்காலத்தில் எழுதினான். தாங்கள் தேவனைவிட்டு விலகினதையும், தங்கள் இரட்சிப்பைக் குறித்து எச்சரித்த குருமாருக்குக் கீழ்ப்படியாததையும் அவர் மறைக்கவில்லை. ஆயர் இல்லங்களில் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு இவ்வரிகள் சிந்தனைக்குரியன.

அடிமைத்தனம்

ஏறத்தாழப் பதினாறு வயதில் அவர் பிடிபட்டார். தம்மோடு ஆயிரக்கணக்கானோர் பிடிபட்டதாகக் கூறுகிறார். ஆறு ஆண்டுகள் அயர்லாந்தில் மந்தை மேய்த்தார். முயிர்கு இவ்விடத்தை ஆன்ட்ரிம் பகுதியிலுள்ள ஸ்லெமிஷ் மலை எனக் காட்டுகிறார். பேட்ரிக்கோ மேற்குக் கடலருகே உள்ள வோக்ளுத் காடு ஒன்றை மட்டுமே பெயரிட்டுக் கூறுகிறார்.

இவ்வாறு ஆண்டுகளின் கடுமையைப் பற்றி அவர் மிகுதியாக எழுதவில்லை. உடையின்மை, பசி, பனி, மழை என்று ஒரு சில சொற்களே. அவர் விரிவாக எழுதுவது மன்றாட்டைப் பற்றி. பகலில் நூறு முறையும் இரவில் ஏறத்தாழ அத்தனை முறையும் மன்றாடினார். காட்டிலும் மலையிலும் தங்கியிருந்தபோது விடியுமுன் எழுந்து மன்றாடினார். தம் வீட்டில் கற்றுத்தந்தும் வேர்கொள்ளாத மன்றாட்டு, கற்றுத்தர எவருமில்லாத இடத்தில் வேர்கொண்டது. ஆழ்ந்த சேற்றில் கிடந்த கல்லாகிய தம்மை வல்லவர் ஒருவர் வந்து தூக்கி, மதிலின் உச்சியில் வைத்தார் என்று அவர் தம்மை வருணிக்கிறார். அக்கல் தானாக அசையவில்லை என்பதே அவருக்கு முக்கியம். கிருபையைக் குறித்து அகுஸ்தீனும் பெலாகியுவும் வாதிட்ட நூற்றாண்டு அது. பேட்ரிக் அவ்வாதத்தைத் தொடவில்லை. ஆனால் அவர் எத்தரப்பைச் சார்ந்தவர் என்பதை மந்தையின் நடுவே கிடந்த அனுபவமே முடிவுசெய்துவிட்டது என நாம் கருதுகிறோம்.

ஒரு நாள் உறக்கத்தில், அவர் விரைவில் தம் நாட்டுக்குத் திரும்புவார் என்றும், கப்பல் ஆயத்தமாக உள்ளது என்றும் ஒரு குரல் கூறிற்று. கப்பலோ அருகில் இல்லை. இருநூறு மைல் தொலைவில், அவர் முன்பின் அறியாத இடத்தில் நின்றது. ஓடிச்சென்று கேட்டபோது மாலுமிகளின் தலைவன் முதலில் மறுத்தான். அவர் மன்றாடிக்கொண்டே திரும்பி நடந்தபோது மீண்டும் அழைத்தான். மூன்று நாள் கடற்பயணத்துக்குப்பின் இருபத்தெட்டு நாள் ஆளில்லாப் பகுதியில் அலைந்து பசியால் வாடினார்கள். உன் தேவன் வல்லவரென்றால் எங்களுக்காக வேண்டிக்கொள்ளலாகாதா என்று அவர்கள் கேட்க, பன்றிக்கூட்டம் ஒன்று எதிர்ப்பட்டு அனைவரும் உயிர் பிழைத்தனர். பின்பு அவர்கள் காட்டுத்தேனைக் கண்டெடுத்துப் பலியாகப் படைத்ததென்று கூறிக் கொடுத்தபோது அவர் சுவைக்கவில்லை. கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதை நினைவூட்டும் இடம் இது.

வீடு திரும்பிய மகனைப் பெற்றோர் மகிழ்ந்து ஏற்றனர். இனி எங்கும் செல்லவேண்டாம் என்று கெஞ்சினர். ஆனால் ஓர் இரவுக் காட்சியில் விக்டோரிக்கஸ் என்பவர் எண்ணற்ற கடிதங்களோடு அயர்லாந்திலிருந்து வரக் கண்டார். ஒன்றை வாங்கி அதன் தொடக்கத்தைப் படிக்கும்போதே வோக்ளுத் காட்டருகே வாழ்ந்தவர்களின் குரல், மீண்டும் வந்து தங்களிடையே நடமாடும்படி அவரை ஒரே வாயாய் அழைத்தது. நெஞ்சு பிளந்ததுபோலாகி மேற்கொண்டு படிக்க இயலாமல் விழித்துக்கொண்டார். மக்கெதோனியன் ஒருவன் பவுலை அழைத்த காட்சியை இது ஒத்திருப்பது வெளிப்படை. ஆனால் ஒரு வேறுபாடுண்டு. பவுலை அழைத்தவன் அந்நியன். பேட்ரிக்கை அழைத்தவர்கள் அவரை அடிமையாக வைத்திருந்த நாட்டார். அவர்களுடைய மொழியை அவர் கற்றது எந்தப் பயிற்சிக் கல்லூரியிலுமன்று. அவர்களுடைய மந்தைகளின் பின்னால் நடந்து கற்றார்.

திரும்பிச் சென்ற ஆண்டையும், இடையில் அவர் பெற்ற பயிற்சியின் இடத்தையும் அவர் கூறவில்லை. அக்காலத் திருச்சபை உரோமப் பேரரசின் எல்லைக்கு அப்பால் வாழ்ந்தோரைப் பெரும்பாலும் நற்செய்திக்குரியவராக எண்ணவில்லை. எல்லைக்கு வெளியே அத்தியட்சர் அனுப்பப்பட்டால் பல்லாடியுசைப் போல் ஏற்கெனவே விசுவாசிகளாயிருந்தோரைப் பேணவே அனுப்பப்பட்டார். பேட்ரிக்கோ பூமியின் கடைசிமட்டும் நற்செய்தி அறிவிக்கப்படவேண்டும் என்னும் மத்தேயு 24ஆம் அதிகார வாக்கை எழுத்துப்படியே எடுத்துக்கொண்டார். அயர்லாந்துக்கு மேற்கே மனிதர் வாழும் நிலம் எதுவும் இல்லை என்பது அவர் அறிந்த நிலவியல். ஆகவே தாம் நிற்கும் இடமே பூமியின் கடைசி என்றும், முடிவு அணுகியுள்ளது என்றும் நம்பினார். அவருடைய நிலவியல் தவறு. அதனால் விளைந்த பணியோ நிலைத்தது.

நண்பர் செய்த துரோகம்

'அறிக்கை' ஏன் எழுதப்பட்டது என்பதே பலர் கவனியாது விடும் செய்தி. அது ஓய்வுபெற்ற மிஷனெரி ஒருவர் எழுதிய நினைவுக்குறிப்பன்று. குற்றஞ்சாட்டப்பட்ட அத்தியட்சர் ஒருவர் தந்த மறுமொழி அது.

பிரித்தானியத் திருச்சபையின் மூப்பர் சிலர் அவருடைய அத்தியட்சப் பணிக்கு எதிராக எழுந்தனர். அவர்கள் கையிலெடுத்தது ஒரு பழைய பாவம். ஏறத்தாழப் பதினைந்து வயதில், ஒரு நாளில், ஒரு மணி நேரத்திற்குள் தாம் செய்த ஒன்றை, உதவிக்குருவாவதற்கு முன் மனக்கலக்கத்தால் தம் உயிர் நண்பரிடம் பேட்ரிக் கூறியிருந்தார். முப்பது ஆண்டுகள் கழித்து அந்நண்பர் அதனை வெளிப்படுத்தினார். அவர் அத்தியட்சராகத் தகுதியுடையவர் என முன்பு தம் வாயாலேயே கூறியவரும் அந்நண்பரே. பாவம் இன்னதென்று பேட்ரிக் கூறவில்லை. கூறாததை நாம் ஊகிக்க முற்படுவது முறையன்று. தாம் தேறினதாகவும், சில நேரம் விழும் நிலைக்கு வந்ததாகவும் எழுதுகிறார். நண்பரின் பெயரை அவர் எழுதவில்லை. அவருக்காக வருந்துவதாகவே எழுதுகிறார்.

ஆயர்களாகிய நாம் இப்பகுதியை இருமுறை படித்தல் நலம். பாவ அறிக்கையைக் கேட்பவர் காக்கவேண்டிய மௌனத்தைப் பற்றிப் பிற்காலத் திருச்சபை விதிகள் வகுத்தது. அவ்விதிகள் இல்லாத நாளில் ஒரு நண்பரின் நாவு என்ன செய்யும் என்பதை இங்கே காண்கிறோம். ஆறுதல் தேடி ஆயர் இல்லத்திற்கு வருவோர் நம்மிடம் விட்டுச்செல்லும் சொற்கள் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அவர்களுடையனவே.

இக்குற்றச்சாட்டுடன் கல்விக் குறையும் சேர்ந்துகொண்டது. பிறர் இளமையில் இலத்தீனும் சட்டமும் ஒழுங்காகப் பயின்றனர். பேட்ரிக் பயிலவேண்டிய வயதில் மந்தை மேய்த்தார். தம் எழுத்தைப் படிப்போர் நகைப்பர் என்று அவர் நீண்ட காலம் எழுதத் தயங்கினார். தம் பேச்சு அந்நிய மொழிக்குள் புகுந்துவிட்டது என்றும், எழுத்தின் சுவையைப் பார்த்தே தம் கல்வியின் அளவு தெரிந்துவிடும் என்றும் ஒப்புக்கொள்கிறார். அவருடைய இலத்தீன் கரடுமுரடானது என்பது உண்மை. சில இடங்களில் பொருள்கொள்வதும் கடினம். ஆனால் அவர் நாணத்தோடு நின்றுவிடவில்லை. சொல்வன்மை மிக்க பெருமக்களை நோக்கி, உலகத்தாரால் இகழப்பட்ட இந்த அறிவிலியை எழுப்பினவர் யார் என்று கேட்கிறார். கிறிஸ்துவின் நிருபம் மையினால் எழுதப்படுவதில்லை என்னும் 2 கொரிந்தியர் 3ஆம் அதிகாரத்தைத் தம்மீது ஏற்றி, நாகரிகமற்றதாயினும் பூமியின் கடைசிமட்டும் செல்லும் நிருபம் தாம் என்று வாதிடுகிறார். அவர் கையாளும் சொற்களில் பெரும்பங்கு வேதாகமச் சொற்கள். சங்கீதங்களையும் பவுலின் நிருபங்களையும் மனப்பாடமாக வைத்திருந்தவர் வேறெப்படி எழுதுவார்? ரோமர் 8:26 அவருக்கு வெறும் மேற்கோளாக இராமல் அனுபவமாகவே இருந்தது. தம் உள்ளான மனிதனுக்கு மேலாக ஒருவர் பெருமூச்சுகளோடு மன்றாடக் கேட்டதாகவும், அவர் ஆவியானவரே என்று மன்றாட்டின் முடிவில் அறிந்ததாகவும் எழுதுகிறார்.

பொருளைப் பற்றிய கணக்கு

பணத்துக்காகவே அவர் அயர்லாந்துக்குச் சென்றார் என்ற பழியும் இருந்ததாகத் தெரிகிறது. இல்லாவிடில் இத்தனை விளக்கமாகக் கணக்குக் கொடுத்திருக்கமாட்டார். விசுவாசமுள்ள பெண்கள் அன்பினால் தங்கள் அணிகலன்களைக் கழற்றிப் பலிபீடத்தின்மேல் வைத்தபோது, அவர் அவற்றைத் திருப்பிக் கொடுத்தார். அவர்கள் மனம் நொந்ததும் உண்டு. ஆயிரக்கணக்கானோருக்குத் திருமுழுக்குக் கொடுத்ததில் அரைக் காசாவது எவரிடமாவது எதிர்பார்த்தேனா, ஊழியரை அபிஷேகம் செய்ததில் ஒரு மிதியடியின் விலையாவது கேட்டேனா, சொல்லுங்கள், திருப்பித் தருகிறேன் என்னும் பொருள்பட அவர் கேட்பது, 1 சாமுவேல் 12ஆம் அதிகாரத்தில் முதிர்ந்த சாமுவேல் இஸ்ரவேலை நோக்கிக் கேட்டதன் எதிரொலி.

அதே சமயம், தாம் செலவிட்டதையும் அவர் மறைக்கவில்லை. அரசர்களுக்கு வெகுமதி கொடுத்தார்; தம்மோடு பயணம் செய்த அரசகுமாரர்களுக்குக் கூலி கொடுத்தார்; நீதி வழங்கியவர்களுக்குக் குறைந்தது பதினைந்து பேருடைய விலையைக் கொடுத்ததாகக் கணக்கிடுகிறார். அயர்லாந்தில் நகரங்கள் இல்லை. பேரரசின் சட்டமும் இல்லை. ஒவ்வொரு சிற்றரசின் எல்லையிலும் அந்நியனுக்கு உயிர்க்காப்பு அங்குள்ள தலைவனின் தயவே. இதனை இலஞ்சம் என்பதா, வழிப்பயணத்தின் செலவு என்பதா? பேட்ரிக் இரண்டாவதாகவே கருதினார். அதனாலேயே வெளிப்படையாக எழுதினார். அவ்வளவு கொடுத்தும் ஒருமுறை அவர் பிடிக்கப்பட்டு, உடைமைகள் பறிக்கப்பட்டு, பதினான்கு நாள் இரும்பு விலங்கில் கிடந்தார்.

அவருடைய சபைகளில் அரசரின் பிள்ளைகளும் இருந்தனர், அடிமைகளும் இருந்தனர். கிறிஸ்துவுக்கென்று கன்னிமை காத்த பெண்களைப் பற்றிப் பெருமிதத்தோடு கூறும் அவர், அவர்களுள் மிகுதியாகத் துன்புறுவோர் அடிமைப் பெண்களே என்று சேர்த்து எழுதுகிறார். அவர்கள் அச்சுறுத்தல்களை இடைவிடாது தாங்குகிறார்கள் என்கிறார். அக்காலத் திருச்சபைத் தலைவர் எழுதிய நூல்களில் அடிமைப் பெண்ணின் துன்பத்தைத் தனியே பிரித்துக் கண்ட வரிகள் அரியன. அடிமையாயிருந்தவரின் கண்ணே அதனைக் கண்டது.

கொரோத்திக்கசின் போர்வீரர்

இரண்டாவது மடலுக்கு வருகிறோம். நம் கருத்தில் இதுவே பேட்ரிக்கின் மிக முக்கியமான எழுத்து.

கொரோத்திக்கஸ் என்பவன் ஒரு படைத்தலைவன். தன்னைக் கிறிஸ்தவன் என்று சொல்லிக்கொண்டவன். தற்கால ஸ்காட்லாந்தின் டம்பார்டன் பாறைக் கோட்டையை ஆண்ட செரெதிக் என்னும் பிரித்தானிய அரசனே இவன் எனப் பலர் கொள்வர். அவனுடைய வீரர்கள், ஸ்காட்டியரும் விசுவாசத்தை மறுதலித்த பிக்டியருமான கூட்டாளிகளோடு சேர்ந்து, பேட்ரிக் திருமுழுக்குக் கொடுத்த மக்கள்மேல் பாய்ந்தனர். நெற்றியில் அபிஷேகத் தைலத்தின் மணம் நீங்குமுன், வெண்ணாடையை அவர்கள் களையுமுன், சிலரை வெட்டிக் கொன்றனர். எஞ்சியோரைச் சிறைபிடித்து விற்றனர். தாம் குழந்தைப் பருவம் முதல் பயிற்றுவித்த ஒரு குருவைப் பிற ஊழியரோடு கடிதத்துடன் அனுப்பி, கைதிகளையும் கொள்ளைப் பொருளில் ஒரு பங்கையும் திருப்பித் தருமாறு பேட்ரிக் வேண்டினார். வந்தவர்களைப் பார்த்து வீரர்கள் நகைத்தார்கள்.

அதன்பின் எழுதியதே நமக்குக் கிடைத்துள்ள திறந்த நிருபம். அவ்வீரரைத் தம்முடைய உடன்குடிகள் என்றோ உரோமத் தூயவர்களின் உடன்குடிகள் என்றோ அழைக்க மறுக்கிறார். தங்கள் செயலால் அவர்கள் பேய்களின் குடிகள் ஆனார்கள் என்கிறார். உரோமன், கிறிஸ்தவன் என்னும் இரு பெயரும் ஒன்றெனக் கருதப்பட்ட காலத்தில் இது மிகக் கடுமையான தீர்ப்பு. பின்னர் கட்டளை வருகிறது. தாழ்மையுள்ள பரிசுத்தர் எவரும் அவர்களைப் புகழலாகாது. அவர்களோடு உண்ணவோ பருகவோ ஆகாது. அவர்கள் கண்ணீரோடு மனந்திரும்பி, கைதிகளை விடுவிக்கும்வரை அவர்களுடைய தருமங்களையும் ஏற்கலாகாது.

தருமம் பற்றிய இக்கட்டளையில் நாம் சற்றுத் தங்கவேண்டும். கொள்ளையடித்த செல்வத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குத் தரும் வழக்கம் அன்று இருந்திராவிடில் இதனைத் தடைசெய்யவேண்டிய தேவை எழாது. ஏழைகளின் பொருளிலிருந்து பலி செலுத்துகிறவன் தந்தையின் கண்முன் மகனைப் பலியிடுகிறவனை ஒப்பான் என்னும் சீராக்கின் கருத்தை அவர் இங்கே எடுத்தாள்கிறார். அந்நூலைத் தள்ளுபடி ஆகமமாகக் கொள்ளும் நாமும் இவ்விடத்தில் அதன் அதிகாரத்தை மறுத்துத் தப்பித்துக்கொள்ள முடியாது; ஆமோஸ் இதனையே கூறினார். மனிதரை விற்ற பணம் ஆலயக் கட்டடத்தில் கல்லாக மாறியபின் அதன் வரலாறு எளிதில் மறக்கப்படும். அம்மாற்றத்தை வாசலிலேயே பேட்ரிக் தடுத்தார். நன்கொடையாளரின் பெயரைக் கல்லில் வெட்டுவதற்கு முன் நம் குருசேகர மன்றங்கள் கேட்கவேண்டிய கேள்வி பெரும்பாலும் கேட்கப்படாமலே போவதை வாசகர் அறிவர்.

இன்னொன்றும் உண்டு. காலியா நாட்டிலிருந்த உரோமக் கிறிஸ்தவர்களின் வழக்கத்தை அவர் எடுத்துக்காட்டுகிறார். அவர்கள் ஆயிரக்கணக்கான பொற்காசுகளோடு தகுதியுள்ள குருமாரை பிராங்கியரிடம் அனுப்பித் திருமுழுக்குப் பெற்ற கைதிகளை மீட்டார்கள். பிராங்கியரோ அன்று புறமதத்தார். புறமதத்தார் பொன்னுக்கு விடுவித்தவர்களைக் கிறிஸ்தவ அரசன் பொன்னுக்கு விற்கிறான் என்பதே பேட்ரிக்கின் குத்தல்.

அவ்வீரர் தங்கள் செயலை எவ்வாறு நியாயப்படுத்தினர்? அவர்கள் பார்வையில் மடிந்தவர்கள் ஐரிஷ்காரர், நாகரிகமற்ற அந்நியர், நேற்றுவரை பிரித்தானியக் கரைகளைச் சூறையாடியவர்களின் இனத்தார். இவ்விடத்தில் பிரித்தானியராகிய பேட்ரிக் தம்மை எதிர்ப்பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறார். நாங்கள் ஐரிஷ்காரராயிருப்பது அவர்களுக்கு இழிவாகத் தோன்றுகிறது என்று எழுதும்போது அவர் 'நாங்கள்' என்றே எழுதுகிறார். ஒரே திருமுழுக்கைப் பெற்றோம் என்பதையும் ஒரே தேவனைப் பிதாவாக உடையோம் என்பதையும் அவர்கள் நம்பவில்லையோ என வினவுகிறார். திருமுழுக்குக்குப் பின்னும் பிறப்பை விசாரிக்கும் சபைகள் உள்ளவரை இக்கேள்விக்கு வயதாகாது.

இம்மடலைக்கொண்டு பேட்ரிக்கை அடிமைமுறையை எதிர்த்த முதல் குரல் என்று போற்றுவோர் உளர். நாம் அவ்வளவு தூரம் செல்லத் துணியோம். தம் தந்தையின் வீட்டிலிருந்த வேலைக்காரரும் வேலைக்காரிகளும் கொள்ளையரால் சீரழிந்ததை அவர் இம்மடலிலேயே நினைவுகூர்கிறார். அவர்கள் அடிமைகளாயிருந்ததைக் குறித்து ஒரு சொல்லும் கூறவில்லை. அவர் கண்டித்தது திருமுழுக்குப் பெற்றோரைக் கொன்றதையும் பிடித்து விற்றதையுமே. அமைப்பு முழுவதையும் எதிர்க்கும் எண்ணம் அந்நூற்றாண்டில் அவருக்கு எழவில்லை. எனினும், விற்கப்பட்டவர் ஒருவரே விற்றவர்களைத் திருச்சபையின் அதிகாரத்தோடு கண்டித்த எழுத்து பண்டைக்காலத்தில் இதைப்போல் வேறொன்றைக் காண்பது அரிது. அதற்கு உரிய மதிப்பைக் கொடுத்தால் போதும், இல்லாததை ஏற்றவேண்டுவதில்லை.

பின் விளைந்தவை

பேட்ரிக் மறைந்தபின் நெடுங்காலம் அவர் பெயர் தீவுக்கு வெளியே பெரிதாகப் பேசப்படவில்லை. கொலும்பா 563இல் அயோனாவுக்குச் சென்றார்; ஏய்டன் 635இல் லிண்டிஸ்ஃபார்னில் பணி தொடங்கினார்; கொலும்பானுஸ் ஐரோப்பாவில் மடங்களை நிறுவி 615இல் பொப்பியோவில் மரித்தார். ஐரிஷ் மிஷனெரி இயக்கத்தின் இப்பெரும் அலைக்குப் பேட்ரிக்கே தலைவர் எனச் சொல்வது வழக்கம். ஆனால் கொலும்பானுசின் கடிதங்களில் அவர் பெயர் இல்லை. 731இல் பீட் முடித்த ஆங்கிலத் திருச்சபை வரலாற்றிலும் இல்லை. 632ஆம் ஆண்டையொட்டிக் கும்மியன் எழுதிய கடிதமே அவரைத் தந்தையெனப் பெயரிட்டுக் கூறும் மிகப் பழைய சான்று. அதன்பின் ஆர்மா நகரத் திருச்சபை அயர்லாந்து முழுவதன்மேலும் தலைமை கோரியபோது பேட்ரிக்கின் புகழும் உடன் வளர்ந்தது. முயிர்குவும் திரெகானும் எழுதியது அந்நாளில்தான்.

தமிழ்த் திருச்சபைக்கும் அம்மண்ணோடு தொடர்புண்டு என்பதை இடையே குறிப்பிடலாம். இடையன்குடியில் பணியாற்றிய அத்தியட்சர் கால்டுவெல் 1814இல் பிறந்தது ஸ்லெமிஷ் மலையுள்ள அதே ஆன்ட்ரிம் மாவட்டத்தில். டோனாவூர் ஏமி கார்மைக்கேல் 1867இல் பிறந்த டவுன் மாவட்டத்திலேயே பேட்ரிக்கின் கல்லறை எனக் காட்டப்படும் இடம் உள்ளது.

807ஆம் ஆண்டளவில் ஃபெர்தோம்னாக் என்னும் எழுத்தர் ஆர்மாவில் எழுதிய ஏட்டில் 'அறிக்கை'யின் மிகப் பழைய பிரதி காணப்படுகிறது. அந்த ஏடு இப்போது டப்ளின் திரித்துவக் கல்லூரியில் உள்ளது. முயிர்குவின் அற்புதக் கதைகளும் அதில் இடம்பெற்றுள்ளன. ஆனால் 'அறிக்கை'யில் பல பகுதிகள் விடுபட்டுள்ளன. கொரோத்திக்கஸ் நிருபமோ அதில் இல்லவே இல்லை. அந்நிருபத்தை ஆங்கில நாட்டு வுஸ்டரிலும் பிரான்சின் வடபகுதியிலும் இருந்த பிரதிகளே நமக்குக் காத்துத் தந்தன.

கொரோத்திக்கஸ் என்ன ஆனான்? முயிர்குவின் கதையில், பேட்ரிக்கின் எச்சரிப்பை நகைத்த அரசன் தன் சபையார் கண்முன் நரியாக மாறி ஓடிவிடுகிறான். கேட்போர்க்கு மகிழ்ச்சி தரும் முடிவுதான். பேட்ரிக் எழுதிய மடல் அப்படி முடியவில்லை. அது எல்லா மக்கள் முன்னும், கொரோத்திக்கஸ் முன்னிலையிலும் வாசிக்கப்படவேண்டும் என்று அவர் கேட்டுக்கொள்கிறார். தேவன் அவ்வீரருக்கு மனந்திரும்புதலை அருளவேண்டும் என்றும், காலந்தாழ்ந்தாயினும் தாங்கள் பிடித்துச்சென்ற திருமுழுக்குப் பெற்ற பெண்களை அவர்கள் விடுவிக்கவேண்டும் என்றும், அப்பொழுது அவர்களும் தேவனுக்கென்று பிழைத்து இம்மையிலும் மறுமையிலும் நலம் பெறுவார்கள் என்றும் எழுதி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் சமாதானத்தைக் கூறி முடிக்கிறார்.